தோற்றுப்போன இரண்டாம் பாகத்துக்கு ஐந்தொகை எடுப்பது எப்படி

காரைக்குடியில், கல்லுக்கட்டியை அடுத்த தெரு ஒன்றில், உறவினர் ஒருவருடைய வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாலை நாங்கள் கூடுகிறோம். திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்ள விரும்பும் கல்லூரி மாணவர்களும், வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். தொடக்கத்தில் வெற்றிபெற்ற படங்களையே எடுத்துப் பேசினோம். நல்ல படத்தில் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு இசைந்து நிற்பதால், எது எதைத் தாங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அதன் பிறகு, மக்கள் விரும்பிய ஒரு குற்ற நகைச்சுவைப் படத்தையும், அவர்கள் ஏற்காத அதன் இரண்டாம் பாகத்தையும் அருகருகே வைத்துப் படிக்கத் தொடங்கினோம். ஒரே உலகம், சில வேளைகளில் ஒரே நடிகர்கள், ஒரே தலைப்பு. இருந்தும் ஒன்று நிற்கிறது, மற்றது சரிகிறது. திரைக்கதை பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தப் படிப்பை எப்படி நடத்துவது என்பதையே இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

நாங்கள் பின்பற்றும் முறை திரைப்படக் கல்லூரியில் கற்றதன்று. எங்கள் வீடுகளில் பரணிலும் பெட்டகத்திலும் கிடந்த பழைய கணக்கு நோட்டுகளிலிருந்து எடுத்தது. என் தாத்தா சிறுவயதில் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேசைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கணக்குக் கற்றவர். அன்றாட வரவையும் பற்றையும் முதலில் குறிப்பில் எழுத வேண்டும், பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்ற வேண்டும், காலம் முடிந்ததும் இருப்பையும் கடனையும் தொகுத்துக் காட்டும் ஐந்தொகை எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். புதுப் பேரேட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதப்படும் முதல் தொகை, பழைய பேரேட்டின் கடைசித் தொகையாகத்தான் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நோட்டு அழகாக இருக்கிறது, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று புதிதாகத் தொடங்கினால், அது கணக்கே ஆகாது. இரண்டாம் பாகம் எடுப்பவர் செய்யவேண்டிய முதல் வேலையும் இதுவே என்பதுதான் இத்தனை படங்களைப் படித்த பிறகு எங்களுக்குக் கிடைத்த முடிவு. முதல் பாகம் முடியும்போது யாரிடம் என்ன மிச்சம் இருந்தது, யார் யாருக்கு என்ன கடன்பட்டிருந்தார், பார்வையாளர் எதை நம்பிக்கொண்டு அரங்கை விட்டு வெளியே போனார் ஆகிய மூன்றும் அடங்கிய முன்னிருப்பு தெரியாமல் அடுத்த பாகத்தின் முதல் காட்சியை எழுத முடியாது.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். முதல் பாகம் உங்களுக்கு உண்மையாகவே பிடித்திருக்க வேண்டும். பிடிக்காத படத்தின் தொடர்ச்சியைப் படிப்பதால் எரிச்சல்தான் மிஞ்சும். தமிழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் ‘சூது கவ்வும்’ இரண்டு பாகங்களையும் பரிந்துரைக்கிறேன். நலன் குமாரசாமியின் முதல் முழுநீளப் படமான முதல் பாகம் 2013 மே 1 அன்று வெளிவந்தது; சி.வி.குமார் தயாரித்த அந்தப் படத்தில் விஜய் சேதுபதி, பாபி சிம்ஹா, அசோக் செல்வன், ரமேஷ் திலக், கருணாகரன், எம்.எஸ்.பாஸ்கர் ஆகியோர் நடித்தார்கள். 11 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 13 அன்று வெளிவந்த இரண்டாம் பாகத்தைத் தயாரித்ததும் சி.வி.குமார்தான். ஆனால் இயக்கியவர் எஸ்.ஜே.அர்ஜுன், முதன்மைப் பாத்திரத்தில் சிவா, கருணாகரனும் எம்.எஸ்.பாஸ்கரும் மீண்டும் வந்தார்கள். முதல் பாகத்தைக் கொண்டாடியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதை ஏற்கவில்லை, விமர்சகர்களின் வரவேற்பும் மந்தமாகவே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆங்கிலப் படமும் வேண்டுமென்றால், ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ‘ஓஷன்ஸ் லெவன்’ (2001), ‘ஓஷன்ஸ் ட்வெல்வ்’ (2004) என்ற இரட்டையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இயக்குநரும் நடிகர் கூட்டமும் மாறவில்லை, இருந்தும் இரண்டாவது படம் பலருக்கு ஏமாற்றம் அளித்தது. ஆள் மாறியதால் தோற்றது என்ற சுலபமான விடையை அந்த இரட்டை மறுத்துவிடுகிறது என்பதால்தான் அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

படங்களை முறையான ஓடிடி தளத்திலோ உரிமம் பெற்ற வட்டிலோ அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, பேசுவதற்கு மட்டும் கூடுங்கள். பொதுவாகத் திரையிடுவதானால் உரிமையாளரின் அனுமதி வாங்க வேண்டும்.

முதல் பாகத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை நோட்டுப் புத்தகத்தைத் தொடவே கூடாது. இரண்டாம் முறை பார்க்கும்போது நிறுத்தி நிறுத்திக் குறிப்பு எழுத வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி போதும்: காட்சி தொடங்கும்போது யாருக்கு என்ன வேண்டும், முடியும்போது அது கிடைத்ததா, கிடைக்காததால் அவருக்கு என்ன நட்டம். அரங்கில் சிரிப்பு எழுந்திருக்கக்கூடிய இடங்களில் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்தச் சிரிப்பு யாருடைய நட்டத்திலிருந்து பிறந்தது என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். இந்தப் புள்ளிதான் பின்னால் மிகவும் உதவும். குற்ற நகைச்சுவையில் நல்ல சிரிப்பு பெரும்பாலும் ஒருவர் கணக்குப் போட்டது வேறு, நடந்தது வேறு என்ற இடைவெளியிலிருந்தே வருகிறது. கணக்குப் போட்டவருக்கு அந்தப் பணமோ விடுதலையோ உண்மையாகவே தேவைப்பட்டால்தான் அந்த இடைவெளி நமக்கு ஒரு பொருட்டாகும்.

குறிப்பு முடிந்த பிறகு பேரேடு. ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்பக்கம் அவருக்குக் கிடைத்தவற்றை வரவாகவும் வலப்பக்கம் அவர் இழந்தவற்றைப் பற்றாகவும் எழுதுங்கள். ‘சூது கவ்வும்’ முதல் பாகத்துக்கு இந்தப் பேரேட்டை எழுதும்போது, கதை தொடங்கிய சிறிது நேரத்திலேயே வலப்பக்கங்கள் நிறைந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். ஒருவன் நடிகைக்குக் கோயில் கட்டி ஊரை விட்டு விரட்டப்பட்டவன். ஒருவன் கணினி வேலையை இழந்தவன். ஒருவன் ஓட்டுநர் வேலையை இழந்தவன். அவர்களோடு சேரும் தாஸ், இல்லாத ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு, ஆள்கடத்தலை விதிமுறைகளோடு செய்யும் சிறுதொழிலாக நடத்துகிறவன். மூன்று இளைஞர்களும் குற்றத்துக்குள் போவதற்கான காரணத்தை யாரும் வசனமாக விளக்கத் தேவையில்லை. அவர்களுடைய பற்றுப் பக்கமே விளக்கிவிடுகிறது. அதிகாரத்தில் இருப்பவர்களைத் தொடக்கூடாது என்ற தாஸின் விதி வெறும் நகைச்சுவைத் துணுக்கு போலத்தான் முதலில் ஒலிக்கும். ஓர் அமைச்சரின் மகனைக் கடத்த அவர்கள் ஒப்புக்கொள்ளும் நொடியில் அந்த விதி கடனாக மாறுகிறது. படத்தின் பிற்பாதி முழுவதும் அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவதுதான்.

அருமைப் பிரகாசத்தின் பக்கத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கடத்தப்படும் அந்த மகன், தன் தந்தையிடமிருந்து பணம் பெறுவதற்காகத் தானே தன்னைக் கடத்தச் செய்யத் திட்டமிட்டவன். கடத்துகிறவருக்கும் தேவை, கடத்தப்படுகிறவருக்கும் அதே தேவை. இந்த இரண்டு தேவைகளும் மோதும் இடத்தில்தான் அந்தப் படத்தின் மிகச் சிறந்த சிரிப்புகள் இருக்கின்றன. அந்தத் தந்தை, எவருக்காகவும் நேர்மையை விட்டுக்கொடுக்காத அமைச்சர், படத்தில் இருக்கும் ஒரே நேர்கோடு. சுற்றியுள்ளவர்கள் எல்லாம் எவ்வளவு வளைந்திருக்கிறார்கள் என்பதை அவரை வைத்துத்தான் நாம் அளக்கிறோம். எங்கள் ஊர்க் கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக் குண்டு தொங்கவிடுவதைப் போல, கதைக்குள் அவர் தொங்கவிடப்பட்டிருக்கிறார்.

இப்போது ஐந்தொகை. முதல் பாகத்தின் கடைசிக் காட்சி முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளில் இருப்புகளை மட்டும் எழுதுங்கள். இந்தப் படத்தில் கிடைக்கும் ஐந்தொகை வியப்பானது. நேர்மையான தந்தைக்கு அரசியலில் இடம் இல்லாமல் போகிறது. அந்த இடம் மகனுக்குக் கிடைக்கிறது. துரத்தி வந்த கொடூரமான காவல் அதிகாரி தன் துப்பாக்கியாலேயே காயப்பட்டுப் போகிறார். படத்தின் தலைப்பு, பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் வரும் ‘தருமத்தின் வாழ்வதனைச் சூது கவ்வும், தருமம் மறுபடி வெல்லும்’ என்ற அடியின் முற்பாதியிலிருந்து எடுத்தது. பிற்பாதியை எடுத்துக்கொள்ளாமல் விட்டதே அந்தப் படத்தின் துணிவு. சூது கவ்விய இடத்தில் கதை நின்றுவிடுகிறது. அந்தத் துணிவை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் தொடர்ச்சி எழுதுகிறவரின் பார்வையில் இதைப் பாருங்கள்: அறத்தின் கணக்கில் இருப்பு பூஜ்யம். தூக்குக் குண்டின் கயிறு அறுந்துவிட்டது. இனி எல்லோரும் வளைந்தவர்கள்தான் என்ற நிலையில், வளைவை எதைக்கொண்டு அளப்பது? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்த பிறகே இரண்டாம் பாகத்தின் முதல் காட்சியை எழுதியிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை உங்கள் தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதிவிட்டு, தாளை மடித்து வையுங்கள்.

இரண்டாம் பாகத்தைப் பார்ப்பதற்கு முன் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். அடுத்தடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு காட்சியிலும் முதல் பாகத்தின் நிழலைத் தேடும் மனநிலை வந்துவிடும். அது படத்துக்குச் செய்யும் அநீதி. இந்த முறையும் முதல் தடவை நோட்டைத் தொடாதீர்கள், கைப்பேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள், தனியாகப் பாருங்கள். குழுவாகப் பார்க்கும்போது முதலில் ஒருவர் உச்சுக்கொட்டுவார், பிறகு எல்லோரும் உச்சுக்கொட்டத் தொடங்குவார்கள். எங்கள் குழுவில் அப்படி நடந்ததால்தான் இந்த விதியை வைத்தோம். தோற்ற படத்திலும் சிரிக்க வைக்கும் இடங்கள் இருக்கும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அதை மறைக்காதீர்கள். இரண்டாம் தடவை பார்க்கும்போது அந்த இடங்களுக்கும் நேர்மையாகப் புள்ளி வைக்க வேண்டும்.

பிறகு, முன்பு செய்ததைப் போலவே குறிப்பும் பேரேடும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் பழைய ஐந்தொகைத் தாளை விரித்து, புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தோடு வரிவரியாகப் பொருத்திப் பாருங்கள். பழைய இருப்பில் எது வந்திருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது, இருப்பே இல்லாத எது புதிதாக முளைத்திருக்கிறது என்று குறியுங்கள். ‘சூது கவ்வும் 2’ படத்துக்கு இந்தப் பொருத்தத்தைச் செய்தபோது எங்கள் குழு கண்டதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் அதுவும் நல்லதே. அருமை அமைச்சராக வருகிறார் என்பது சரியான முன்னிருப்பு, அதைக் கொண்டுவந்தது பாராட்டத்தக்கது. ஆனால் கடத்துகிறவர்களின் பற்றுப் பக்கம் வெறுமையாக இருந்தது. முதல் பாகத்தில் வேலையையும் ஊரையும் இழந்தவர்கள் வேறு வழியின்றி எடுத்த முடிவாக இருந்த கடத்தல், இங்கே கதாநாயகனின் வாடிக்கையாக மட்டுமே எங்களுக்குத் தெரிந்தது. கடத்தப்படும் அருமைக்கும் இம்முறை கடத்தலால் பெறவேண்டியது எதுவும் இல்லை. இரு பக்கத்துத் தேவையும் போனபின் மோதல் எஞ்சியதே தவிர, அந்த மோதலுக்குள் இருந்த சிரிப்பு எஞ்சவில்லை. சிவப்பு மையில் எழுதிய கேள்விக்கும் எங்களால் படத்துக்குள் விடை காண முடியவில்லை. ‘நாடும் நாட்டு மக்களும்’ என்ற துணைத்தலைப்போடு படம் பெரிய அரசியலுக்குள் போகிறது. களம் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு அவசியமாகிறது தூக்குக் குண்டு.

அடுத்த சோதனையை நாங்கள் தூண் சோதனை என்கிறோம். செட்டிநாட்டில் இதற்குப் பெயர்க்காரணம் சொல்லத் தேவையில்லை. பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்க முடியாமலோ பராமரிக்க வழியில்லாமலோ இடிக்கப்படும் வீடுகளிலிருந்து பர்மாத் தேக்குத் தூண்களும் வாசல் நிலைகளும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஏதோ ஒரு நகரத்து விடுதியின் முகப்புக்குப் போகின்றன. வளவைச் சுற்றி நின்று கூரையைத் தாங்கிய தூண், காங்கிரீட் கட்டடத்தின் வரவேற்பறையில் எதையும் தாங்காமல் நிற்கும். தட்டிப் பார்த்தால் அதே மரம், வேலைப்பாடும் அதேதான். எடுத்துவிட்டாலும் அந்தக் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாம் பாகத்தில் முதல் பாகத்தை நினைவுபடுத்தும் ஒவ்வோர் அடையாளத்தையும், பழைய வசனம், பழைய இசைத் துணுக்கு, பழைய நடிகரின் திடீர் வருகை, பழைய விதி என எதுவானாலும், இப்படி மனத்துக்குள் எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் அடுத்த காட்சி சரிந்தால் அது இன்னும் தூண்தான். எதுவும் அசையாவிட்டால் அது விடுதி முகப்பில் நிற்பது. ஒரு பட்டியல் போட்டு, எதிரே ‘தாங்குகிறது’, ‘தாங்கவில்லை’ என்று எழுதினால் போதும். படம் ஏன் சரிந்தது என்பதைப் பட்டியலே சொல்லிவிடும். முதல் பாகத்துக்கும் இதே சோதனையைச் செய்ய மறக்காதீர்கள். தாஸின் விதியை எடுத்தால் படத்தின் பிற்பாதியே இல்லாமல் போகிறது என்பதை அப்போது தெளிவாக உணர்வீர்கள்.

இந்த இடத்தில் ‘ஓஷன்ஸ் ட்வெல்வ்’ மிகவும் பயன்படும், ஏனென்றால் அது என் வாதத்தைச் சோதிக்கிறது. முதல் படத்தில் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளிலிருந்து 160 மில்லியன் டாலரைக் கொள்ளையடித்த கூட்டத்தை, பறிகொடுத்தவர் தேடிப் பிடித்து, வட்டியோடு திருப்பிக் கொடுக்க இரண்டு வாரத் தவணை விதிப்பதுதான் இரண்டாம் படத்தின் தொடக்கம். முன்னிருப்பு, கடன், வட்டி, தவணை என்று இதைவிடச் சுத்தமான தொடக்கக் கணக்கை எங்கள் பெரியவர்கள்கூட எழுதியிருக்க முடியாது. அப்படியிருந்தும் பலருக்கு அந்தப் படம் ஏன் கசந்தது? என் குழுவின் விடை இது: பாத்திரங்களின் கணக்கைச் சரியாகத் தொடங்கிய படம், பார்வையாளரின் கணக்கை முறையாக முடிக்கவில்லை. ஒரு விலைமதிப்பற்ற அலங்கார முட்டையைத் திருடுவதற்காக அவர்கள் படும் பாடுகளை நாம் நெடுநேரம் பதற்றத்தோடு பார்க்கிறோம். கடைசியில், அந்த முட்டையை முன்பே ஒரு ரயிலில் மாற்றி எடுத்துவிட்டார்கள் என்றும், நாம் பார்த்ததெல்லாம் பிறரை நம்பவைப்பதற்கான நடிப்பு என்றும் சொல்லப்படுகிறது. முதல் படத்திலும் நம்மிடம் மறைக்கப்பட்ட தந்திரம் உண்டு. ஆனால் அங்கே மறைத்தது வெளிப்படும்போது, நாம் பார்த்த ஒவ்வொரு காட்சிக்கும் கூடுதல் மதிப்பு வந்தது. இங்கே வெளிப்படும்போது, பார்த்த காட்சிகளின் மதிப்பு குறைந்தது. பார்வையாளர் கொடுத்த பதற்றம் ஒரு கைமாற்று. அதை வட்டியோடு திருப்பித் தராவிட்டாலும், அசலையாவது திருப்பித் தர வேண்டும்.

அந்தப் படத்தின் திரைக்கதை வேறொரு தனிப் படத்துக்காக ஜார்ஜ் நோல்ஃபி எழுதிய கதையிலிருந்து மாற்றி அமைக்கப்பட்டது என்ற செய்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பேரேட்டில் இன்னொருவருடைய கணக்கை ஏற்றினால் கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் எங்கேயோ ஒரு தொகை உதைக்கும். ஆகவே உங்கள் பேரேட்டில் ஒரு பக்கத்தைப் பார்வையாளருக்கென்றே ஒதுக்க வேண்டும். அவர் எந்தக் காட்சியில் எதை நம்பத் தொடங்கினார், எவ்வளவு நேரம் அந்த நம்பிக்கையைச் சுமந்தார், எப்போது அதற்கான பதில் கிடைத்தது என்று எழுதுங்கள். எங்கள் குழுவில் இந்தப் பக்கத்தைச் சேர்த்த பிறகுதான் மாணவர்களின் சொந்தத் திரைக்கதைகளில் மாற்றம் தெரிந்தது.

வெளிக்காரணங்களைக் கடைசியில் பாருங்கள், ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். 11 ஆண்டு இடைவெளியில் குறும்படங்களிலிருந்து வந்த இயக்குநர்களின் புதுமையைத் தமிழ்ப் பார்வையாளர் பழகிக்கொண்டுவிட்டார். 2013இல் புதிதாக இருந்த இருண்ட நகைச்சுவை 2024இல் எல்லோருக்கும் தெரிந்த மொழி. இயக்குநர், கதாநாயகன் என்று முதன்மையானவர்கள் மாறியபின் அதே தலைப்பை வைப்பது, புதுப் படத்தின் தோளில் பழைய படத்தின் எதிர்பார்ப்பை ஏற்றுகிறது. இவை எல்லாம் உண்மை. இவற்றிலிருந்து தொடங்கினால் படத்துக்குள் நீங்கள் நுழையவே மாட்டீர்கள் என்பதால்தான் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

கலந்துரையாடல் நடத்தும் முறை பற்றிச் சில சொற்கள். ஒரு படத்துக்குப் பின்னால் பலருடைய பல மாத உழைப்பு இருக்கிறது. இந்த மண்ணில் அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் தன் ஸ்டுடியோவைக் காரைக்குடியில் நடத்திய காலத்தில்தான் 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ இங்கே உருவானது. ஆகவே தோற்ற படத்தைப் பேசும்போது நடிகரின் உடலமைப்பு, இயக்குநரின் தகுதி, தயாரிப்பாளரின் நோக்கம் ஆகிய மூன்றையும் பேசக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘மொக்கை’, ‘தலைவலி’ போன்ற தீர்ப்புச் சொற்களுக்கு எங்கள் வளவில் இடம் இல்லை. குறை சொல்ல விரும்புகிறவர் காட்சியைச் சொல்லி, பேரேட்டுப் பக்கத்தைக் காட்டி, ‘இந்த இடத்தில் இவருக்கு இதனால் நட்டம் இல்லை, அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை’ என்று சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரம் படத்தில் பிடித்தவற்றை மட்டும் பேசுவது நல்லது. அண்மையில் ஒரு தம்பி, இரண்டாம் பாகத்தில் தனக்குச் சிரிப்பு வந்த ஐந்து இடங்களைப் படித்தார். ஐந்திலும் யாரோ ஒருவருக்கு உண்மையான தேவை இருந்தது என்பதை அவரே வாய்விட்டுச் சொல்லிக் கண்டுகொண்டபோது, நான் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனது.

இத்தனையும் செய்த பிறகு எழுத்துப் பயிற்சி. பிறர் படத்தின் இரண்டாம் பாகத்தைத் திருத்தி எழுதச் சொல்வதில்லை. அது ஆணவத்தில் கொண்டுபோய் விடும். நாங்கள் கொடுக்கும் கதை இது. ஒரு பெரிய வீடு, அதற்கு அறுபது பங்காளிகள், பெரும்பாலோர் வெளியூரிலும் வெளிநாட்டிலும். சாவி ஊரில் இருக்கும் ஒரு கணக்கப்பிள்ளையிடம். மகனின் படிப்புக்கடன், தங்கையின் திருமணம், நட்டத்தில் போன கடை என்று ஒவ்வொரு காரணத்தால் பணம் தேவைப்படும் மூன்று பங்காளிப் பிள்ளைகள், இரவில் ஒவ்வொரு தூணாகக் கழற்றி விற்றுவிட்டு, அந்த இடத்தில் சாயம் பூசிய மலிவு மரத்தை நிறுத்துகிறார்கள். அவர்களுக்குள் ஒரு விதி உண்டு: சாமி அறையின் வாசல் நிலையைத் தொடக்கூடாது. முதல் பாகத்தின் முடிவில் அந்த விதியும் உடைந்து, நிலையும் போய்விடுகிறது. யாரும் பிடிபடவில்லை. கணக்கப்பிள்ளைக்கு மட்டும் தெரியும், அவர் பேசவில்லை.

இந்தக் கதையின் ஐந்தொகையை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, இரண்டாம் பாகத்தின் முதல் மூன்று காட்சிகளை மட்டும் எழுத வேண்டும். திருடர்களை வேறு வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. சிங்கப்பூருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. அவை வேறு பேரேடுகள், இருப்பைக் கொண்டுவராதவை. முன்பு ஒருவர் எழுதிய தாளில் முதல் காட்சி இப்படித் தொடங்கியது: முன்னோர்க்குப் படைப்பு வைக்க நாள் குறித்து, அறுபது பங்காளிகளுக்கும் அழைப்புப் போய்விட்டது, எல்லோரும் அதே வளவில், அந்தப் போலித் தூண்களுக்கு நடுவே, சாமி அறைக்கு முன்னால் வந்து கூடப்போகிறார்கள், நாற்பது நாள் இருக்கிறது, விற்ற தூண்களை விற்ற விலைக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. திருடியவர்களே இப்போது திருடியதைத் திரும்பத் திருடி, இருந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கணக்கப்பிள்ளையின் மௌனத்துக்கும் ஒரு விலை வந்துவிட்டது. ஏனென்றால் அந்த வீட்டில் அறம் என்று மிச்சம் இருப்பது அவருடைய கையிலுள்ள சாவி மட்டும்தான்.

மூன்று காட்சிகளுக்கு மூன்று பக்கம், அதற்கு மேல் வேண்டாம். எழுதி வந்ததை எழுதியவரே படிக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் படிக்க வேண்டும். மற்றவர்கள் சிரிப்பு வந்த இடத்தில் புள்ளி வைத்து, அது யாருடைய நட்டத்திலிருந்து வந்தது என்று எழுதி, தாளை எழுதியவரிடம் கொடுத்துவிட வேண்டும்.